‘ம்’ சம்மதத்துக்கு அறிகுறி

"டாக்டரம்மா, சார்கிட்ட பேசிட்டேன். சிங்கிள் காயிலே இருக்கட்டும்னுட்டாரு. மரத்துல குழி வெட்டியாச்சு, ஒருநாள் வந்து பாருங்க."

கிதார் செய்பவர் அனுப்பியிருந்த இந்தக் குரல் செய்தியை, கடைசி நோயாளியை அனுப்பிவிட்டுக் கையுறையைக் கழற்றும்போது கேட்டேன். நம்ப முடியாமல் இன்னொரு முறை கேட்டேன். நான் பல் டாக்டர். இத்தனை வருஷம் ஊரார் பல்லைப் பிடுங்கிய தைரியத்தில், எனக்கென்று ஒரு உயர்ந்த ரக எலெக்ட்ரிக் கிதாரைச் சொல்லிச் செய்ய வைத்திருந்தேன். மரம் நானே தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது, கழுத்தின் கனம் என் கைக்கு அளவெடுத்தது. மிச்சம் இருந்தது பிக்கப் மட்டும்தான். கிளினிக்கில் நான் ஒரு கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அழைப்பு வீட்டு ஃபோனுக்குப் போய், அன்று லீவில் இருந்த என் கணவர் அதை முடித்து வைத்திருக்கிறார்.

பிக்கப் என்பது தந்திகளுக்கு அடியில், மரத்தில் வெட்டிய குழிக்குள் உட்காரும் காந்தம். அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய கம்பி. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அனுப்புவது அதன் வேலை. கம்பிச் சுருள் ஒன்றே ஒன்று என்றால் சிங்கிள் காயில். ஒவ்வொரு சுரமும் பளிச்சென்று கேட்கும், ஆனால் வாசிக்காதபோதும் அடியில் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு சுருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் இரைச்சலை இன்னொன்றால் அடக்கிவிட்டால் அது ஹம்பக்கர். சத்தம் கனமாக வரும், கையை எடுத்தால் கப்சிப். நடுவில் இன்னொரு ரகம் உண்டு, அது ரெண்டுங்கெட்டான் என்று நானே தள்ளிவிட்டேன். சிங்கிளா ஹம்பக்கரா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, பகலெல்லாம் டிரில் சத்தத்தில் கிடப்பவளுக்கு நிசப்தம்தான் மருந்து என்று போன வாரம்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஹம்பக்கர். நேரில் போய்ச் சொல்லலாம் என்று இருந்தேன்.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் இன்ஜினியர். நல்ல மனுஷன், ஆனால் வாயில் முத்தை அடக்கி வைத்திருக்கிறார் போலும், திறந்தால் கொட்டிவிடும் என்று பயம். கிளினிக்கில் வாயைத் திறந்துகொண்டு 'ம்' சொல்கிறவர்களோடு காலம் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே வாயை மூடிக்கொண்டு 'ம்' சொல்ல ஒருவர். "பிக்கப் சரியில்ல, மாத்தணும்" என்று ஒருநாள் என் பழைய கிதாரைப் பற்றிப் புலம்பியதற்கும் 'ம்' என்றார். இரண்டு நாள் கழித்து என் ஸ்கூட்டர் மேட்டில் சீறிக்கொண்டு ஏறியபோதுதான், அதை சர்வீஸுக்கு விட்டு எடுத்து வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தேன்.

"ஃபோன்ல அவர் என்னங்க கேட்டாரு?"

"ஏதோ காயில்னாரு. நிறைய பேசினாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "ம்னேன்."

"எதுக்கு ம்னீங்க?"

"அவர் பாட்டுக்குப் பேசிட்டே இருக்காரு. கேட்டுட்டிருக்கேன்னு தெரியணும்ல?"

இவர் கதை கேட்பவர்போல 'ம்' கொட்டியிருக்கிறார். அந்த மனுஷனோ அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு உளியைக் கையில் எடுத்துவிட்டார். மௌனமே சம்மதத்துக்கு அறிகுறி என்றால், 'ம்' கையெழுத்துப் போட்ட பத்திரம் அல்லவா. எனக்குக் கோபம் வந்தது. கிதாருக்காக மட்டும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதற்கெல்லாம் விழுந்த 'ம்'களில் எத்தனை இந்த ரகம் என்று சந்தேகம் வந்துவிட்டது. நான் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பேன், அவர் ஹாலில் பேப்பரும் கையுமாக இருப்பார். எப்படி இருந்தது என்று கேட்டால் அதற்கும் ஒரு 'ம்'. நான் வாசித்து இந்த மனுஷன் காதில் ஒரு சுரமாவது ஏறியிருக்குமா என்று நினைத்தபோது அழுகையே வந்தது. அன்று இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டோம். அவருக்கு அதில் வித்தியாசம் தெரிந்ததா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை அவரையும் இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். தான் செய்த வேலையை அவரும் கண்ணால் பார்க்கட்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. கிதார் செய்பவர் மீசையெல்லாம் மரத்தூளாக எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார், அப்புறம் சிரித்தார்.

"குடி ஒண்ணும் முழுகிடல டாக்டரம்மா. குறுகலான குழிய அகலமாக்கிடலாம். அகலமா வெட்டினதத்தான் குறுக்க முடியாது. முதல்ல ரெண்டையும் வாசிச்சுப் பாத்துடுங்க."

அதே மரத்தில் செய்து ஹம்பக்கர் போட்ட அவருடைய சொந்தக் கிதாரை முதலில் கொடுத்தார். நான் நினைத்திருந்த சத்தம் அப்படியே வந்தது. கையை எடுத்தேன், நிசப்தம். அடுத்து என்னுடையது. இன்னும் வண்ணம் பூசாத வெள்ளை மரத்தில் சிங்கிள் காயிலைத் தற்காலிகமாகப் பொருத்தியிருந்தார். வாசித்துவிட்டுக் கையை எடுத்தால் பெட்டியிலிருந்து அந்த இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"குழியப் பெருசாக்கிடுங்க" என்றேன்.

அவர் வெட்டும் இயந்திரத்தின் வயரைச் சொருகினார். "இந்தத் தடவை ரெண்டு பேரும் வாயத் தொறந்து சொல்லிடுங்க. சார், நீங்கதான் முதல்ல."

"வேணாம்" என்றார் என் கணவர்.

நாங்கள் இருவருமே அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"என்ன வேணாம்?"

"எனக்கு இதெல்லாம் தெரியாது." பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ அந்த ரூம்ல வாசிப்பல்ல. நடுவுல நடுவுல நிறுத்துவ. அப்ப பழைய கிதார்லேருந்து இந்தச் சத்தம் கதவுக்கு வெளிய கேக்கும். இது கேட்டுச்சுன்னா நீ இன்னும் முடிக்கல, அடுத்தது வரும்னு நானும் உக்காந்திருப்பேன். இது நின்னுடுச்சுன்னா எழுந்து போய் சாப்பாட்ட சூடு பண்ணுவேன்." ஹம்பக்கர் கிதாரை மோவாயால் காட்டினார். "இதுல நீ யோசிக்கிறியா, முடிச்சிட்டியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நான் அறையிலிருந்து வெளியே வரும்போது சாப்பாடு எப்போதுமே சூடாகத்தான் இருக்கும். அதை நான் ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. கிதார் செய்பவர் விஷயம் புரிந்தவர்போல மீசையைத் தட்டிவிட்டுக்கொண்டார், ஆனால் விரலை விசையிலிருந்து எடுக்கவில்லை.

"டாக்டரம்மா, நான் வெட்டவா, வேணாமா?"

வெள்ளைக் கிதாரை மடியில் வைத்து, நான் வழக்கமாகத் தடுமாறும் ஒரு பாட்டுத் துண்டை வாசித்தேன். பாதியில் நிறுத்திக் கையை எடுத்தேன். கிதார் செய்பவர் மறுபடி ஏதோ கேட்க வாயெடுத்தார். என் கணவர் அவர் பக்கம் திரும்பாமலே ஒரு விரலை உயர்த்தி அவரை நிறுத்தினார். கீழே கிடந்த மரக்கட்டையின் மேல் மெல்ல உட்கார்ந்து, முழங்காலில் கைகளை ஊன்றி, இரைந்துகொண்டிருந்த பெட்டியைப் பார்த்தபடி மீதிக்காகக் காத்திருந்தார்.