நேராக நடந்தவள்

அந்த வார்டில் மருந்து ஏற்றுவதற்கு முன் நோயாளி நடந்து காட்ட வேண்டும். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை, தரை ஓடுகள் சேரும் கோட்டின் மேல். காலையில் விழுங்கிய மாத்திரை உடம்பில் ஏறியிருந்தால் நடை கொஞ்சம் தள்ளாடும். தள்ளாடினால்தான் நர்ஸ் தலையசைத்துவிட்டு மருந்துப் பைக்குச் சொல்லி அனுப்புவாள்.

அன்று அவள் நூல் பிடித்தாற்போல் நடந்தாள்.

கணவனுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. போன தடவை பக்கத்துக் கட்டில் பெரியவர் மேலேயே போய்ச் சாய்ந்தவள் அவள். "என்னம்மா, காலையிலயே ஊத்திக்கிட்டியா?" என்று அவர் கேட்டு வார்டே சிரித்தது. இன்று அப்படி எதுவுமில்லை. பிறகுதான் அவன் நர்ஸின் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேனே."

"நிஜமா?"

"இதுல போய் யாராவது பொய் சொல்வாங்களா?"

நர்ஸ் போய் டாக்டரம்மாவை அழைத்துவந்தாள்.

அவளுடைய ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்திருந்தது. இந்த முறை பழைய மருந்து எடுபடவில்லை. நோய்பட்ட செல்களில் சின்னச் சின்ன பம்புகள் இருக்கின்றன, உள்ளே போகும் மருந்தை அவை வெளியே இறைத்துவிடுகின்றன, அவற்றை அடைக்கத்தான் இந்த மாத்திரை என்று டாக்டரம்மா முன்பே விளக்கியிருந்தார். ஆனால் அதே பம்புகள் ஈரலிலும் உண்டு. அவையும் அடைபடுவதால் மருந்து உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாது. அதனால் மருந்தின் அளவைப் பாதிக்கும் கீழே குறைத்திருந்தார்கள். மாத்திரை போட்டவளுக்கு முழு அளவு ஏற்றினால் உயிர் தாங்காது. போடாதவளுக்குக் குறைந்த அளவு ஏற்றினால் நோய்க்கு உறைக்கவே உறைக்காது.

"மாத்திரை உள்ள இல்லைன்னா இன்னைக்கு முழு அளவுதான் குடுக்கணும்," என்றார் டாக்டரம்மா. "ரத்தத்துல பாத்துச் சொல்ல நாளைக்கு ஆகும். வெள்ளை அணு ஏறுற வேகத்துக்கு அதுவரைக்கும் விட்டு வைக்க முடியாது." அவர் கணவன் பக்கம் திரும்பினார். "அவங்க முழுங்கினதை நீங்க பாத்தீங்களா?"

அவன் பஸ் ஓட்டுகிறவன். கண்ணால் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லிப் பழக்கமில்லை.

"பாக்கல, டாக்டர்."

"ஏங்க!"

"கையில குடுத்தேன். தண்ணி ஊத்தத் திரும்பினேன். மறுபடி பாத்தப்ப கை காலியா இருந்துச்சு." அதோடு நிறுத்தியிருக்கலாம். "போன மாசம் வாந்திக்குக் குடுத்ததை எல்லாம் கன்னத்துல ஒதுக்கி வெச்சுத் துப்பியிருக்கா. வாஷ்பேசின் சல்லடையில ஒட்டியிருந்ததை நான்தான் சுரண்டி எடுத்தேன்."

ஜன்னலருகே நின்றபடியே அவள் அவனைப் பார்த்தாள். "மானத்தை வாங்கியாச்சா? நல்லா இருங்க."

டாக்டரம்மா நர்ஸைப் பார்த்தார். "மருந்தறைக்குப் போன் போடு. முழு அளவு கலக்கச் சொல்லு."

நர்ஸ் எண்களை அழுத்தினாள். அதற்குள் அவன் கண் மனைவியின் கால்களுக்குப் போனது. விரல்கள் தரையைக் கவ்விக்கொண்டிருந்தன. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையின் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அவள் விளம்பரப் பலகைகளுக்கு வண்ணமடிப்பவள். மூன்றாம் மாடி உயரத்தில், ஒற்றைப் பலகை மேல், எதிர்முனையில் ஒரு புள்ளியைக் குறி வைத்துக்கொண்டு அவள் நடப்பதைக் கீழேயிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறான்.

"ஏய், நீ சாரத்து மேல நடக்குற மாதிரி நடந்தியா?"

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லித் தொலை!"

"ஆமா, நடந்தேன்! தள்ளாட்டம் ஜாஸ்தியானா மாத்திரையை நிறுத்திடலாம்னு போன தடவை டாக்டரம்மாதானே சொன்னாங்க? அதையும் நிறுத்திட்டா எனக்கு வேற என்ன இருக்கு? நீங்க டியூட்டிக்குப் போனதும் ஹால்ல நடந்து நடந்து பழகினேன்."

"ஐயோ அக்கா, கொஞ்சம் ஆடணும்க்கா! ஆடினாதான் எங்களுக்கு நிம்மதி," என்றாள் நர்ஸ், காதில் ரிசீவரோடு.

"இரு, போன்ல எதுவும் சொல்லாதே." டாக்டரம்மா பையிலிருந்து பேனாவை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "தலையை அசைக்காதீங்க. கண்ணு மட்டும் இதோட வரட்டும்."

பேனா மெதுவாக வலப்பக்கம் போனது. கணவன் குனிந்து பார்த்தான். ஓரத்துக்குப் போன கண்மணிகள் அங்கே நிற்க முடியாமல் வெட்டி வெட்டி இழுத்தன. இடப்பக்கமும் அப்படியே.

"காலைப் பழக்கிடலாம். கண்ணைப் பழக்க முடியாது." டாக்டரம்மா பேனாவை மூடிக்கொண்டு நர்ஸ் பக்கம் திரும்பினார். "மாத்திரை உள்ளதான் இருக்கு. ரத்தமும் எடுத்து அனுப்பு. குறைச்ச அளவே வரட்டும்."

கம்பியை விட்டதும் அவள் சாய்ந்தாள். அவன் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தான். சற்று நேரத்தில் சிவப்பு மருந்து கொண்ட சின்னப் பை வந்தது. குழாயில் மருந்து இறங்கத் தொடங்கியது. தன் பேச்சால் முழு அளவையே ஏற்ற வைத்திருப்போமே என்பதை அவன் நினைத்து நினைத்துப் பார்த்தான். அவள் என்ன நினைத்தாள் என்று தெரியவில்லை.

கடைசியில் அவள்தான் பேசினாள். "நாளையிலேருந்து முழுங்கிட்டு வாயைத் திறந்து காட்டுறேன். நாக்கைத் தூக்கியும் காட்டுறேன். போதுமா?"

வேண்டாம், நம்புகிறேன் என்று சொல்ல அவனுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"காட்டு," என்றான்.