அன்றைய சோற்றின் பெயர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குச் சொந்தமானது அல்ல. சேலம் சூரமங்கலத்தில் டாக்ஸி ஓட்டும் கௌதமன், ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு என்னை அழைத்துப் போனபோது சொன்னது. டென்மார்க்கில் இருந்து வந்த ஒரு குடும்பத்தை அவர் நான்கு நாள் வண்டியில் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார். மல்லூர் தாண்டுவதற்குள் கதையை முடித்துவிட்டு, "பாவங்க மேடம் அந்தப் புள்ள" என்றார்.

அந்தப் 'பாவம்' எனக்குப் பொறுக்கவில்லை. அவர் சொன்னதில் அந்தப் பெண் ஓர் இடத்தில்கூடப் பாவமாக நடந்துகொள்ளவில்லை. அவரிடம் அதைச் சொன்னேன், சிரித்துவிட்டார். சரி, எழுதியே காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "விமானத்தின் ஜன்னல் வழியே பிறந்த மண்ணைக் கண்டதும் அஜீஸாவின் கண்கள்..."

கிடையாது. அவள் அப்போது வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாளாம்.

இரண்டாவது: "தொட்டிலில் விடப்பட்ட அந்தப் பச்சை மண்..."

இதுவும் கிடையாது. சேலம், நாமக்கல் என்று எழுதினாலே ஒரு தொட்டிலையும் கொஞ்சம் கள்ளிப்பாலையும் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

மூன்றாவதாக, நேரே விஷயத்துக்கு வருகிறேன். அஜீஸாவுக்குப் பதினாறு வயது. பிறந்து மூன்றாம் நாள் ராசிபுரம் பக்கத்துக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் சேர்க்கப்பட்டாள். (எந்த இல்லம் என்று கேட்காதீர்கள்.) இரண்டு வயதில் லார்ஸ், ஹன்னா தம்பதி அவளைத் தத்தெடுத்து டென்மார்க் கொண்டுபோனார்கள். இங்கிருந்து அவளோடு போனவை ஒரு கவுன், ஒரு தடுப்பூசி அட்டை, ஒரு பெயர். கவுன் எப்போதோ சிறுத்துப்போனது. பெயரை மட்டும் அவள் விடவில்லை.

பெற்றவள் யார் என்று கோப்பில் ஒரு வரி இல்லை. ஆனால் அஜீஸா என்ற பெயர் இருந்தது. பெயர் வைத்துவிட்டுத்தானே அம்மா போயிருப்பாள்? அப்படியானால் அம்மா முஸ்லிம். பத்து வயதில் அவளாகவே இந்த முடிவுக்கு வந்தாள். பதிமூன்று வயதில் நோன்பு பிடிக்கத் தொடங்கினாள். மாலை எட்டு மணிக்கும் வெயில் அடிக்கும் ஊரில், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சாப்பிடும்போது சும்மா உட்கார்ந்து, நான்கு ரம்ஜான். கிறிஸ்துமஸுக்கு மட்டும் சர்ச்சுக்குப் போகும் ஹன்னா, விடியுமுன் எழுந்து அவளுக்கு ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். ஹன்னாவைக் கொஞ்சம் கெட்டவளாக எழுதினால் கதை சூடு பிடிக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். அவரோடு இப்போது நான் பேசுவதில்லை.

3

(ஒரு குறிப்பு. அஜீஸாவுக்குத் தமிழ் தெரியாது. அவள் ஆங்கிலத்தில் பேச, கௌதமன் தமிழில் சொன்னார். ஆகவே இங்கே அவள் வாயில் வருவதெல்லாம் கௌதமனின் தமிழ். சேலத்துப் பெண்ணாகவே பேசுவாள். இதில் எனக்கொரு அற்ப சந்தோஷம்.)

4

வார்டன் முத்தாயம்மாள் முப்பது வருடமாக அந்த இல்லத்தில் இருக்கிறார். அஜீஸாவைக் கண்டதும் இரண்டு கையாலும் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

"என்ற சாமி, இத்தாச்சோட்டு வளந்துட்டயே!"

அன்று மதியச் சாப்பாடு லார்ஸ் குடும்பத்தின் செலவு. கூடத்தில் பிள்ளைகள் எழுந்து நின்று, கைகூப்பி, சாப்பாடு தந்தவர்களின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார்கள். தினமும் யாராவது ஒருவர் வீட்டுப் பிறந்தநாள், இல்லையென்றால் நினைவுநாள். தினமும் ஒரு பெயருக்கு நன்றி. அது முடிந்ததும் அஜீஸா, டென்மார்க்கில் இருந்தே சுமந்துவந்த கேள்வியைக் கேட்டாள்.

"எங்கம்மா எனக்கு இந்தப் பேரை வெக்கச் சொன்னப்போ நீங்க பக்கத்துல இருந்தீங்களா? எப்படிச் சொன்னாங்க?"

"அம்மாளா?" முத்தாயம்மாள் சிரித்தார். "உன்னய ஆசுபத்திரில இருந்து ஜீப்புல கொண்டாந்தாங்க சாமி. பேரு நானு வெச்சது. அன்னிக்குச் சோறு சேலத்து சைபுல்லா பாய் ஊட்டுது. பிரியாணி! பாய் மவ அஜீஸாவுக்குப் பொறந்தநாளு. வந்த அன்னிக்கு ஆரூட்டுச் சோறோ, அவிங்க பேருதான் இங்க வழக்கம். இதா, இவன் செங்கோடன். போர் போடற ரிக் வண்டிக்காரரு ஒருத்தரு அவிங்கப்பாவுக்கு நெனவுநாளு கும்பிட்டாரு. அந்தப் புள்ள இலக்கியா, கோழிப்பண்ணைக்காரரு பேத்தி பேரு."

பெருமையாகச் சொன்னார். சொன்னதில் மறைக்க ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

"ரிவர்ஸ் எடுக்க முடியாத சந்துல வண்டிய உட்ட மாதிரி ஆயிருச்சுங்க மேடம்" என்றார் கௌதமன் என்னிடம். மூன்றே வார்த்தையில் மழுப்பப் பார்த்திருக்கிறார். அஜீஸா விடவில்லை. "அவங்க இவ்வளவு நேரம் பேசினாங்க. முழுசாச் சொல்லுங்க." பிரியாணி உட்பட முழுவதையும் சொன்னார்.

5

இங்கே இரண்டு வாரம் பேனா நகரவில்லை.

அவளை அழ வைத்துப் பார்த்தேன். அந்த வரிகளை அடித்துவிட்டேன். கதவைத் திறந்து சைபுல்லா பாயையும் மகளையும் உள்ளே கொண்டுவந்தேன்: "இரு அஜீஸாக்களும் ஒருவரையொருவர்..." சீச்சீ. படித்துப் பார்த்த ஒருவர், "அப்ப அந்தப் பொண்ணு நம்ம ஆளுதானே?" என்றார். இன்னொருவர், கடைசியில் அம்மா நிஜமாகவே முஸ்லிம் என்று வந்தால் நன்றாக இருக்கும் என்றார். இருவருக்கும் காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். அந்த அம்மாவை நான் கொண்டுவர மாட்டேன். எனக்குத் தெரியாத பெண்ணுக்கு நான் எப்படி மதம் கொடுப்பது?

(இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெண்ணின் பெயர் அஜீஸா அல்ல. எழுத ஒரு பெயர் வேண்டுமே என்று கைக்கு வந்ததை வைத்தேன். முத்தாயம்மாளைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.)

நடந்தது இவ்வளவுதான். லார்ஸ் மெதுவாக, "மன்னிச்சுக்கம்மா, நாங்க முன்னாடியே விசாரிச்சிருக்கணும்" என்றார். ஹன்னா அவள் கையைப் பிடித்தாள். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"மன்னிப்பு எதுக்கு? பேரை யார் வேணா வெச்சிருக்கட்டும். நாலு வருஷம் பசியோட இருந்தது நான். அதை யாரும் எனக்கு வெக்கல."

வலிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அம்மா கொடுத்தது என்று இத்தனை வருடம் பொத்திக் காத்த ஒன்றே ஒன்று, பிரியாணி அண்டாவோடு வந்து இறங்கியது என்றால் யாருக்கு வலிக்காது? ஆனாலும் அவள் தலை குனியவில்லை.

6

சமாதானப்படுத்துவதாக நினைத்து முத்தாயம்மாள் உள்ளே போய் ஒரு பெண்குழந்தையைத் தூக்கிவந்தார். அன்று காலைதான் வந்தது.

"இன்னிக்கு உங்கூட்டுச் சோறு. இவளுக்கு உன்ற பேருதான் சாமி."

"கூடாது."

"ஏஞ்சாமி கோவிச்சுக்கற? பேரில்லாம கோப்பு எழுத முடியாது. நானே ரோசன பண்ணி வெச்சா எல்லாத்துக்கும் எங்கம்மா பேருதான் வரும். சோறு போட்டவிங்க பேர வெச்சா, நம்ம புள்ள பேருல ஒரு புள்ள இருக்குதேன்னு அவிங்க வருசா வருசம் நெனப்பாங்கல்ல?"

அதில் நியாயம் இல்லை என்று என்னால் எழுத முடியவில்லை. அஜீஸா குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அலுவலக அறைக்குள் போய், மேஜைக்கு முன்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பேர் வெக்கறேன். ஆனா கோப்புல எழுதணும். இந்தப் பேரை வெச்சது நான், அவங்கம்மா இல்லேன்னு. ஏன் வெச்சேன்னு. அவங்கம்மாவைப் பத்தி நமக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு. பேர் பிடிக்கலேன்னா மாத்திக்கலாம்னு."

"அப்பிடியெல்லாம் எழுதற வழக்கமில்லீங்களே."

"இன்னியிலிருந்து வழக்கம்."

இலையில் சோறு ஆறியது. லார்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். ஹன்னா அவர் கையை அமுக்கி உட்கார வைத்துவிட்டு, மகள் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முக்கால் மணி நேரம் மூவரும் நகரவில்லை. கடைசியில் முத்தாயம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"புடிச்ச புடி உட மாட்டீங்கறயே. சொல்லு சாமி, எழுதறேன்."

"முதல்ல என்னோட கோப்பு" என்றாள் அஜீஸா. "அதுலயும் எழுதுங்க. பாய் ஊட்டுச் சோறுன்னு."

7

அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தாள் என்பதுதானே இப்போது உங்கள் கேள்வி? தன் பெயரையா, ஹன்னாவின் பெயரையா, யாரும் கேட்டிராத ஒன்றையா? மூன்றுக்கும் மூன்று முடிவுகள் எழுதி, மூன்றையும் கிழித்துவிட்டேன்.

கௌதமன் சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். ஆகவே எனக்கும் தெரியாது. அது கோப்பில் இருக்கிறது. அந்தக் குழந்தை வளர்ந்து, என்றைக்காவது வந்து கேட்டு, அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும். அவளுக்கு முன்னால் நீங்கள் படிப்பதற்கு நான் விட மாட்டேன்.