படிக்கட்டில் பீரோ, துறைமுகத்தில் கப்பல்

1

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறவர் உள்ளே வந்து உட்கார்ந்தால் காற்றாவது வரும். ஒரு கதை சொல்கிறேன். அதில் ஒரு கப்பல் வரும், இரண்டு சம்பந்திகள் வருவார்கள், ஒரு பீரோவும் வரும். யாரும் சாகமாட்டார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போகிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள்.

இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை. பல் வைத்தியர் வாசல் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னது. இழுவைப் படகில் கயிறு பிடிக்கிற வேலை அவருக்கு. ஊசியைப் போட்டு, மரத்துப்போகட்டும் என்று வெளியே உட்கார வைத்திருந்தார்கள். இடது பக்கம் மரத்துப்போய் வலது பக்க வாயால்தான் பேசினார். ஆகவே இந்தக் கதையில் பாதி அவருடைய வலது பக்கம், மீதி என் கைச்சரக்கு. எது எவருடையது என்று தோண்டாதீர்கள். குழம்பில் உப்பு எங்கே இருக்கிறது என்று யாராவது தேடுவார்களா?

2

அந்தப் பெஞ்சிலேயே முதலில் இப்படித் தொடங்கினேன்:

விடியற்காலைக் கடல் பட்டுச் சேலை விரித்ததுபோல

அடித்துவிட்டேன். உப்புக்காற்றில் துணி காயப்போட்ட எவளும் கடலைப் பட்டு என்று சொல்லமாட்டாள். அடுத்து இப்படி:

புயலொன்று உறுமிக்கொண்டு துறைமுகத்தை நோக்கி

இதைச் சொன்னதும் கயிற்றுக்காரர் பாதி வாயால் சிரித்தார். "புயல்னா துறைமுகத்தையே மூடிடுவாங்கம்மா. நாங்க வீட்டுக்குப் போய் இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குவோம். எங்க உயிரை வாங்கறது வெறும் காத்துதான்."

சரி, புயலும் போயிற்று. மூன்றாவது தொடக்கம் இது:

ஒரு பீரோ மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது.

இது நிற்கிறது. பீரோவும் அங்கேயே நிற்கிறது.

3

பீரோ புதுமணத் தம்பதிக்கு வந்தது. கனத்த இரும்பு, கதவில் ஆளுயரக் கண்ணாடி. பெண்ணைப் பெற்றவரும் பையனைப் பெற்றவரும் ஒரே துறைமுகத்தில் ஆளுக்கொரு இழுவைப் படகின் தலைவர்கள். ஆயுசு பூராவும் மலை மலையான கப்பல்களை நகர்த்தியவர்கள். ஒரு பீரோவுக்கு வெளியாளைக் கூப்பிடுவார்களா? மானம் என்னாவது?

பெண்ணின் அப்பா மேலே நின்று இழுத்தார். மாமனார் கீழே நின்று தள்ளினார். முதல் மாடி ஏறியது. இரண்டாவது மாடிக்கான திருப்பத்தில், "நிறுத்துங்க சம்பந்தி" என்றார் மேலே நின்றவர்.

"இன்னும் ஒரு தள்ளு, சம்பந்தி, வந்துடும்" என்றார் கீழே நின்றவர்.

வந்தது. வந்து, ஒரு மூலை சுவரிலும் இன்னொரு மூலை கைப்பிடிக் கம்பியிலும் ஆப்பு அடித்தது மாதிரி இறுகிக்கொண்டது. அதற்கப்புறம் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"நிறுத்துன்னு சொன்னேனே, காதுல என்ன பஞ்சா?"

"இழுக்கத் தெரியாதவரு மேல போய் நின்னா இப்படித்தான்."

அவ்வளவுதான். பேச்சு நின்றது. அன்றிலிருந்து அந்த மாடியில் குடியிருக்கிறவர்கள் எல்லாரும் வயிற்றை எக்கிக்கொண்டு பீரோவைத் தாண்டிப் போகிறார்கள். மேல்வீட்டு அம்மாள் மட்டும் நின்று கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு போகிறாள். அவளுக்குப் பீரோ மேல் ஒரு குறையும் இல்லை.

4

இப்போது கதாநாயகி. அந்தப் புதுப்பெண்தான். அவள் ஒரு பைலட்.

(விமானம் ஓட்டுகிறவள் இல்லை. துறைமுக வாசலில் கப்பலில் ஏறி, கேப்டன் பக்கத்தில் நின்று, இப்படித் திருப்பு, அங்கே நிறுத்து என்று சொல்லி உள்ளே கூட்டிவருகிறவருக்கும் அதே பெயர்தான்.)

இதுவரை அவள் சின்னக் கப்பல்களைத்தான் கரையில் கட்டினாள். பெரிய கப்பலுக்கு அனுமதி வேண்டுமானால் துறைமுக அதிகாரி கூடவே நின்று பார்க்க, ஒரு பெரிய கப்பலைக் கரைசேர்த்துக் காட்டவேண்டும். அதிகாரி குறுக்கே வாயைத் திறக்கமாட்டார். ஆனால் விபரீதம் என்று தோன்றினால் அவள் கையிலிருக்கும் வாக்கி-டாக்கியை வாங்கிக்கொள்வார். அந்தக் கை நீண்டால் அவ்வளவுதான். மறுபடியும் சின்னக் கப்பல்.

அன்றைக்கு வந்தது கார் ஏற்றிவரும் கப்பல். கப்பல் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஜன்னல் வைக்க மறந்த அடுக்குமாடி. காற்று அதன் விலாவில் பட்டால் பாய் கட்டியது மாதிரிதான். அண்ணாந்து பார்த்ததும் அவளுக்கு ஒன்றுதான் தோன்றியது: பீரோ. கைப்பிடிதான் இல்லை.

அதைப் பிடித்து நிறுத்தும் அளவுக்குப் பெரிய இழுவைப் படகுகள் அந்தத் துறைமுகத்தில் இரண்டே இரண்டு. முன்னால் கட்டியதில் அப்பா. பின்னால் கட்டியதில் மாமனார்.

* இழுவைப் படகு எதற்கு என்று கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். கப்பல் வேகமாகப் போகும்போதுதான் சுக்கான் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் கரைக்கு வேகம் ஆகாது, மெதுவாகத்தான் வரவேண்டும். மெதுவாக வந்தால் கப்பல் யார் பேச்சையும் கேட்காது, காற்றின் பேச்சைத்தான் கேட்கும். அந்த நேரத்தில் குட்டையாய், சுற்றிலும் டயர் கட்டிக்கொண்டு, வந்து விலாவில் தோள் கொடுப்பதுதான் இழுவைப் படகு. தள்ளவும் செய்யும், கயிற்றில் இழுத்துப் பிடிக்கவும் செய்யும். குடும்பத்தில் சம்பந்திகளின் வேலையும் இதுதான். பெரும்பாலும் தள்ளுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

 இன்னொன்று. பைலட் சொன்ன உத்தரவைப் படகுக்காரர் அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும், சொல்லிவிட்டுத்தான் செய்யவேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். இதை முடிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

5

காற்று கரையைப் பார்த்து அடித்தது. கப்பல் தானாகவே கரைக்குப் போகப் பார்த்தது. விட்டால் கான்கிரீட்டில் போய் மோதும். ஆகவே கடல் பக்கத்திலிருந்து இரண்டு படகும் கயிற்றில் இழுத்துப் பிடிக்க, பூனை பாலுக்குப் போகிற மாதிரி மெல்ல மெல்லப் போய்ச் சேரவேண்டும்.

"பின் படகு, கால் பலம் இழுங்க" என்றாள். இயந்திரத்தின் பலத்தில் நாலில் ஒரு பங்கு.

"சரிம்மா" என்றார் மாமனார்.

"சரி பாப்பா" என்றார் அப்பா.

இருவரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தியதால் வாக்கி-டாக்கி கீச்சென்று அலறியது.

துறைமுக அதிகாரி மெதுவாகத் திரும்பினார். "யாரு பாப்பா?"

அவள் கடலைப் பார்த்தாள்.

கயிற்றுக்காரர் அப்பாவின் படகில் இருந்தார். அங்கே நடந்ததை அவர் கண்ணாலேயே பார்த்தார். "ஐயா, உத்தரவு பின் படகுக்குத்தானே?" என்று கேட்டிருக்கிறார். அப்பா இயந்திரத்தை முடுக்கிக்கொண்டே சொன்ன பதில்: "என் பொண்ணுக்கு அந்த ஆளு கால் பலம் இழுப்பாரு, நான் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாப்பேனா?" அரை பலம் இழுத்தார்.

கப்பலின் மூக்கு கடலுக்குத் திரும்பியது. வால் கரைக்குத் திரும்பியது.

"முன் படகு, தளர்த்துங்க!"

"சரி பாப்பா."

"சரிம்மா." மாமனாரும் தளர்த்தினார். மருமகள் சொல்லைத் தட்டாதவர் என்று பெயரெடுத்தவர் அவர்.

வால் இன்னும் வேகமாகக் கரைக்குப் போயிற்று.

"பாப்பா, பின்னாடி இருக்கறவர்கிட்ட சொல்லு, வால் கரைக்குப் போகுதுன்னு."

"அம்மா, முன்னாடி இருக்கறவர்கிட்ட நீயே சொல்லிடு, எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்னு. அன்னைக்குப் பீரோ விஷயத்துலயும் இப்படித்தான்."

"பீரோவைப் பத்தி அவரு பேசறாரா? பீரோவை ஆப்படிச்சதே அவருதானே!"

"பீரோவை இழுக்கத் தெரியாம..."

கப்பலின் கேப்டன் வெளிநாட்டுக்காரர். பாஷை தெரியாது. ஆனால் திரும்பத் திரும்ப ஒரே சொல் வருவதைக் கவனித்துவிட்டார். முகம் வெளிறிப்போய், கடல் வரைபடத்தின் மேல் குனிந்து விரலால் தேட ஆரம்பித்தார். "பீரோ எங்கே இருக்கிறது? தண்ணீருக்கு அடியிலா?" என்று அவருடைய பாஷையில் கேட்டார்.

துறைமுக அதிகாரியின் கை பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது.

6

இங்கே நான் பேனாவை வைத்துவிட்டேன். அந்தப் பெண் மேல் எனக்குச் சந்தேகம். இந்த இடத்தில் அவள் என்ன செய்வாள்? முதலில் ஒரு பக்கத்துக்கு அவளைப் பேசவைத்தேன். பெண்ணின் உழைப்பு, குடும்பத்தின் கௌரவம், கண்ணீர், எல்லாம் இருந்தது. படித்துப் பார்த்தேன். அவ்வளவு பேசி முடிப்பதற்குள் கப்பல் கரையைத் தாண்டி மீன் சந்தைக்குள் போயிருக்கும். கிழித்துவிட்டேன்.

அழவைத்துப் பார்த்தேன். அழவில்லை. என் பாத்திரம் என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். மெதுவாகப் போகிற கப்பல் மாதிரி கனம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே அவள் பேசியதில் கயிற்றுக்காரர் வாக்கி-டாக்கியில் கேட்டதை மட்டும் எழுதுகிறேன். அந்த நீளுகிற கை அவள் ஓரக்கண்ணில் பட்டது. அவள் வாக்கி-டாக்கியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ரெண்டு படகும் அரை பலம் இழுத்துப் பிடிங்க. இப்பவே."

இரண்டு கயிறும் விறைத்தன. கப்பல் முனகியது. வால் கரைக்கு வெகு அருகே, கான்கிரீட்டில் உட்கார்ந்திருந்த காக்கை பறக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற தூரத்தில், நின்றது.

"இதுல எனக்கு அப்பாவும் இல்ல, மாமாவும் இல்ல. முன் படகு, பின் படகு, அவ்வளவுதான். நான் யாரைக் கூப்பிடறேனோ அவங்க மட்டும் திருப்பிச் சொல்லிட்டுச் செய்ங்க. மத்தவங்க கையை மடியில வெச்சுக்கங்க."

கயிற்றுக்காரர் தன் தலைவரின் முகத்தைப் பார்த்தாராம். நடுத்தெருவில் செருப்பு அறுந்தவர் மாதிரி இருந்ததாம்.

"முன் படகு, கால் பலத்துக்குக் குறைங்க."

அப்பா பொத்தானை அழுத்தினார். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு: "முன் படகு. கால் பலத்துக்குக் குறைக்கிறேன்."

"பின் படகு, அப்படியே பிடிங்க."

"பின் படகு. அப்படியே பிடிக்கிறேன், பைலட்."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் அப்பா தன் படகின் சுவரைக் கையால் ஓங்கி அடித்தார். "சே! அதை நான்ல முதல்ல சொல்லியிருக்கணும்!"

அப்புறம் கேட்கவேண்டுமா? கப்பல் நேரானது. மூக்கும் வாலும் ஒன்றாகச் சேர்ந்து, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி, கரையில் சாய்ந்தது. நடுவில் ஒரு அதிசயமும் நடந்தது.

"முன் படகிலிருந்து பின் படகுக்கு. உங்க கயிறு வெளிப்பக்கம் உரசுது."

"பின் படகு. பார்த்தேன். நன்றி, முன் படகு."

சம்பந்திகள் இன்னும் பேசவில்லை, கவனியுங்கள். படகுகள் பேசிக்கொண்டன.

துறைமுக அதிகாரி கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். "அடுத்த பெரிய கப்பலும் உங்களுக்குத்தான்" என்றார். ஏணி வரை போய்விட்டுத் திரும்பினார். "அந்தப் பீரோ இப்ப எங்க இருக்கு, பாப்பா?"

7

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: அன்று சாயங்காலமே இரண்டு பேரும் வந்து, கட்டிப்பிடித்து, கண்ணீர்விட்டு, பீரோவை மேலே ஏற்றினார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படிக்கட்டில் கட்டிப்பிடிக்க இடமில்லை. நடுவில் பீரோ நிற்கிறதே.

இரண்டு: பீரோ அங்கேயே இருந்துவிட்டது. தம்பதி படிக்கட்டில் நின்றே துணி எடுத்து உடுத்தப் பழகினார்கள். மேல்வீட்டு அம்மாளுக்குக் கண்ணாடி நிலைத்தது. இது எனக்குப் பிடித்த முடிவு, ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பிடிக்காது. கப்பலைக் கட்டியவள் பீரோவை விடுவாளா?

மூன்று: இது கயிற்றுக்காரர் சொன்னது. சாயங்காலம் அவள் இரண்டு பேரையும் வரச்சொன்னாள். தன் கணவனை ஓரமாக நிற்கச்சொன்னாள். பீரோவுக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். மேலே அப்பா. கீழே மாமனார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. பீரோ மறைக்கிறது.

"மேல் ஆள் தயாரா?"

"மேல் ஆள். தயார்."

"கீழ் ஆள்?"

"கீழ் ஆள். தயார், பைலட்."

"தயார், பைலட்னுதான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் மேல் ஆள்.

அவள் பீரோவின் இறுகிய மூலையைப் பார்த்தாள். பின்பு

இந்த இடத்தில்தான், கண்ணுகளா, கயிற்றுக்காரரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நான் என் முறையைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டு வாசலிலேயே காத்திருந்தேன். வெளியே வந்தபோது அவருக்கு இரண்டு பக்கமும் மரத்திருந்தது, வாய் நிறையப் பஞ்சு. "பீரோ?" என்றேன். ஒரு கையை மேலே தூக்கினார், இன்னொரு கையைக் கீழே அழுத்தினார், தலையை ஆட்டினார், போய்விட்டார்.

ஏறியது என்றா, இன்னும் மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நிற்கிறார்கள் என்றா? எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதி உங்கள் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. அந்த மூலையை நீங்களும் பார்த்தாயிற்று. இழுக்கச் சொல்வதா, தள்ளச் சொல்வதா, முதலில் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்வதா? உத்தரவை நீங்கள் கொடுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்வார்கள். அதுமட்டும் நிச்சயம்.

நேரமாகிவிட்டது, எழுந்திருங்கள். உங்கள் வீட்டுக்குள் வருகிற பெரிய சாமானெல்லாம் கீறல் படாமல் உள்ளே வரட்டும். தள்ள ஒருவர் இருந்தால் இழுத்துப் பிடிக்க இன்னொருவர் இருக்கட்டும். நிறுத்து என்றால் நிற்கிற காதும், நிறுத்து என்று சொல்லத் தெரிந்த வாயும் உங்கள் பிள்ளைகளுக்கு வாய்க்கட்டும். சம்பந்திகளோடு நன்றாக இருங்கள். முடியாவிட்டால், படகுகளாகவாவது இருங்கள்.