வெல்லம் போகும் வழி

“நேத்து குடுத்த வெல்லத்த நீ தின்னலன்னா எனக்குக் குடுத்துடேன்கா. காத்தாலயே நெஞ்ச அடைக்குது.”

“தின்னாலும் அது வயித்துக்குத்தான் போவும், எல்லப்பா. நெஞ்சுக்குப் போவாது.”

“இன்னாக்கா, புச்சா சொல்ற?”

ஜோவிதா பதில் சொல்வதற்குள் மில் ஓடத் தொடங்கிவிட்டது. அதற்குமேல் பேச்சுக்கு இடமில்லை. ஒரகடத்துக்கு மேற்கே, பொட்டல் நடுவில் நின்ற அந்தத் தகரக் கொட்டகையில் வெங்கச்சங்கல் என்னும் வெள்ளைக் கல்லை மாவாக அரைத்துக் கண்ணாடித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பினார்கள். எல்லப்பன் கூடை கூடையாகக் கல் தூக்கி வந்தான். அவள் வாங்கி இயந்திரத்தின் வாயில் கொட்டினாள். ஒவ்வொரு கூடைக்கும் மாவு எழும்பி முகத்தில் அடித்தது. முந்தானையால் மூக்கைக் கட்டியிருந்தும் பல்லில் நறநறத்தது. பொழுது விடிந்ததும் தகர ஓட்டை வழியே வந்த வெயிலில் அந்தத் தூசி பொன்னாக மிதந்தது. அது அழகாக இருந்ததுதான் கொடுமை.

போன மாதம்வரை இயந்திரத்தின் வாயருகே அவள் இடத்தில் நின்றவன் அவள் கணவன் லூர்துராஜ். இப்போது தாம்பரத்து ஆஸ்பத்திரியில், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே தூங்குகிறான். மணிமங்கலத்து ஒற்றை அறையில் அவன் இருமல் இல்லாத அமைதி அவளைத் தூங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் பார்க்கப் போனபோது டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் மரம்போலக் கிளைவிட்டுப் போகிறது. நுனியில் சின்னச் சின்னக் காற்றுப் பைகள். அவற்றின் தோல் அத்தனை மெல்லியது. அதைத் தாண்டித்தான் காற்று ரத்தத்தில் சேருகிறது, கெட்ட காற்று வெளியே வருகிறது. கல்மாவு அங்கே படிந்தால் தோல் தழும்பாகித் தடித்துவிடும். தழும்புக்குள் காற்று நுழையாது. “மில்லுல தெனமும் வெல்லம் குடுக்கறாங்களே டாக்டர்?” என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. சோறு இறங்கும் குழாய் வேறு, மூச்சு இறங்கும் குழாய் வேறு என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் இதை எல்லோரிடமும் சொன்னாள். யாரும் நம்பவில்லை.

“எங்க மாமனாரு காலத்துலேந்து தின்றோம்டி,” என்றாள் மாவு மூட்டை தைக்கும் ரத்தினம்.

“உன் மாமனாரு இன்னா வந்து செத்தாருக்கா?”

ரத்தினம் பாதிச் சோற்றோடு தூக்கை மூடினாள். ஜோவிதா தனியாக எழுந்துபோய்க் கை கழுவினாள்.

மாலையில் மில் நின்றதும் முதலாளி நரசிம்மன், சாலையோர ஆபீஸ் வாசலில் வெல்லத்தட்டோடு நின்றார். கொட்டகைக்குள் அவர் வருவதே இல்லை.

“எனக்கு வேணாங்க,” என்றாள் ஜோவிதா. “தூசிய வெளிய இழுக்கற ஃபேன் போடுங்க. கல்லு மேல தண்ணி அடிக்க வுடுங்க.”

“புருஷன் ஆஸ்பத்திரிக்குப் போனதும் நீ டாக்டரம்மா ஆயிட்டியா? வெல்லமே தூசிய இழுத்துக்கினு பூடும். அடுத்த ஆளு வா.”

அடுத்தவள் ரத்தினம். வெல்லத்தை வாங்கினாள்; கொஞ்ச நேரம் பார்த்தாள்; தட்டிலேயே வைத்தாள். “இது வயித்துக்குப் போவுதுங்க. தூசி வேற வழியில போவுது.”

எல்லப்பன் கையே நீட்டவில்லை. மேல்மூச்சு வாங்க, ஜோவிதாவின் பக்கத்தில் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக மற்றவர்களும். எல்லா முகத்திலும் ஒரே வெள்ளை.

“நாளைக்கு ஒருத்தரும் வேலைக்கு வரவாணாம்,” என்றார் நரசிம்மன்.

“வருவோங்க,” என்றாள் ரத்தினம். “ஃபேன் போடற வரைக்கும் மில்ல ஓட்ட மாட்டோம். வாசல்லயே குந்திக்கினு இருப்போம்.”

ஜோவிதா முகத்துணியை அவிழ்த்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்க. இப்ப மோட்டார போடறோம். உள்ள வாங்க. மூக்க மூடாம எங்க பக்கத்துல நின்னு, ஒரே ஒரு தபா மூச்ச இழுத்து வுடுங்க, மொதலாளி.”