திருப்பி அனுப்பிய லாரி

பின்லாந்தின் வடகோடியில் அக்டோபரிலேயே ஆற்றோரம் உறையத் தொடங்கியிருந்தது. புதுப் பாலத்தின் மேல்தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றும் பொறுப்பு ஹில்க்காவுடையது. மூன்றாவது லாரி வந்ததும் கொஞ்சம் கலவை எடுத்துச் சோதித்தாள். அதற்குள் பொடிப்பொடியாய்க் காற்றுக் குமிழிகள் இருக்க வேண்டும். தளத்தில் ஊறும் தண்ணீர் உறைந்து பருக்கும்போது ஒதுங்க அவைதான் இடம். ஆறு சதவீதம் வேண்டும். கருவியின் முள் இரண்டில் நின்றது.

"திருப்பி எடுத்துட்டுப் போங்க."

"விளையாடுறியாம்மா? தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்திருக்கேன்!" என்று கத்தினான் டிரைவர்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த ஊர்க்காரர்களில் கலைமான் மேய்க்கும் தவுனோவுக்கும் பொறுக்கவில்லை. "வருஷா வருஷம் ஐஸ் உடையுற மூணு வாரம் நடக்கவும் முடியாம, படகும் விட முடியாம அக்கரைக்குப் போக வழியில்லாம கெடக்கோம். நீ குமிழி எண்ணிக்கிட்டு நிக்கறே!"

"எண்ணலேன்னா பத்தே வருஷத்துல தளம் பொரிஞ்சு உதிரும், தவுனோ அண்ணே."

லாரி போய்விட்டது. மறு லாரி வர மூன்று மணி நேரமாகும். அதற்குள், ஏற்கெனவே ஊற்றிய கலவையின் விளிம்பு இறுகிவிட்டால் புதுக் கலவை அதோடு ஒட்டாது. உறைந்துவிட்டால் மொத்தமும் பாழ். தார்ப்பாய் மூடி அடியில் ஹீட்டர் வைத்தார்கள். காற்று கயிற்றை அறுத்துத் தார்ப்பாயைத் தூக்கியது.

"திட்டினது போதும், வந்து பிடிங்க!" என்று அலறினாள் ஹில்க்கா.

முதலில் ஓடி வந்தவர் தவுனோதான். பின்னாலேயே ஊரே வந்தது. விரல் மரத்துப் போகப் போக ஆள் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். மறு லாரி வந்தபோது முள் ஆறரை காட்டியது. ஹில்க்கா விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் உள்ளே இறங்கியது.

"ஊத்துங்க!"

பொழுது சாய்வதற்குள் தளம் முடிந்தது.

ஐந்தாவது வசந்தத்தில் பாலத்தைப் பரிசோதிக்க வந்தாள். கீழே வீட்டளவு பெரிய பனிப்பாளங்கள் தூண்களில் மோதித் தூளாகிக்கொண்டிருந்தன. மேலே பள்ளி வேன் சாவகாசமாகப் போயிற்று. அவள் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடந்தாள். தவுனோ காதைத் தீட்டிக்கொண்டு கூடவே வந்தார். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் பொத்தென்று வரும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் கணீர் கணீரென்றே கேட்டது.

"ஒரு எடத்துலயாவது குத்தம் கண்டுபிடிக்கலாம்னு பாத்தேன், விட மாட்டேங்கறியே!" என்று தவுனோ அவள் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி, தானே ஓங்கி ஒரு போடு போட்டார். ஆறு முழுக்க அதிர்ந்தது அந்தச் சத்தம்.