பீரோக் கண்ணாடி ஒட்டிய ஜாடிகள்

பழைய பூஜாடிகளுக்கு எங்கள் வீட்டில் மறுபிறவி உண்டு. விளிம்பு உடைந்தது, கீறல் விழுந்தது, யாரோ பரிசாகக் கொடுத்துப் பிடிக்காமல் பரணில் கிடந்தது எல்லாம் பழைய சாமான் கடை வழியாக எங்கள் முன்னறைக்கு வந்து சேரும். அண்ணியும் நானும் அவற்றைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, வெள்ளை அடித்து, நகத்தளவு கண்ணாடிச் சில்லுகளைச் சுற்றிலும் ஒட்டுவோம். விளிம்புக்குத் தங்க வண்ணம். வெயில் பட்டால் சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் ஓடும். பழைய ஜாடி என்றால் மூக்கைச் சுளிப்பவர்கள் ரெட்ரோ என்றால் விழுந்தடித்துக்கொண்டு வாங்குகிறார்கள். இதைச் சொல்லி நான் சிரித்தால், "வாயை மூடிக்கிட்டு ஒட்டு" என்பார் அண்ணி.

என் அண்ணன் போய் இரண்டு வருடமாகிறது. ஒருநாள் காலையில் ஆபீசுக்குப் போனவர், மதியம் மேசையிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அதன் பிறகு இந்த வீட்டில் அண்ணிக்கு நான், எனக்கு அண்ணி.

அண்ணியின் வேலையில் ஒரு பிடிவாதம் உண்டு. வெட்டுமுன் கண்ணாடியின் முதுகில் துணி ஒட்டிவிடுவார். சில்லுகள் சிதறாமல் வரிசையாக நிற்கும். எந்த வரிசையில் வெட்டினாரோ அதே வரிசையில்தான் ஜாடியிலும் ஏற வேண்டும். மாறினால் சில்லுகளுக்கு நடுவே இடுக்கு கோணும் என்பது அவர் கட்சி. நான் ஒரு சில்லை மாற்றி வைத்தால்கூடப் போதும், அன்று முழுக்க வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

போன மாதம் ஒரு ஓட்டல்காரர் மூன்று ஜாடிகள் அவசரமாகக் கேட்டார். கண்ணாடி கைவசம் இல்லை. நான் கடைக்குப் போய் வருவதற்குள் அண்ணி பீரோக் கதவிலிருந்த கண்ணாடியைக் கழற்றி வெட்டியே முடித்துவிட்டார். அண்ணன் தினமும் தலை வாரிய கண்ணாடி அது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா அண்ணி?"

"இருக்கறதாலதான் வெட்டினேன். தினமும் அது முன்னாடி நிக்க முடியல."

நான் பசை டப்பாவைத் திறந்தேன். ஒட்டினோம். முதல் ஜாடி அன்றே ஓட்டலுக்குப் போயிற்று.

மறுநாள் காலையில் இரண்டாவது ஜாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சில்லில் ஒரு காது தெரிந்தது. என் காதில் தோடு இருக்கிறது, அந்தக் காதில் இல்லை. அடுத்த சில்லில் சவரம் செய்த தாடை. அதற்குக் கீழே கோடு போட்ட சட்டையின் காலர். திரும்பிப் பார்த்தேன், அறையில் யாருமில்லை. ஜாடியில் தாடை மெல்ல அசைந்தது. அண்ணன் ஆபீசுக்குக் கிளம்பும் நேரம் தாண்டியதும் சில்லுகளில் ஜன்னல் மட்டும் தெரிந்தது.

அடுத்த நாள் அதே நேரத்துக்கு அண்ணியையும் பக்கத்தில் உட்காரவைத்தேன். காலரைப் பார்த்ததும் அண்ணி ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இந்தச் சட்டையை அவர் ஒரே ஒரு நாள்தான் போட்டார். அந்தக் கடைசி நாள்."

ஜாடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அன்னிக்கு நான் அவர்கூடப் பேசல. ஒண்ணுமில்லாத சண்டை. முதுகைக் காட்டிக்கிட்டு துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். போகும்போது அவராவது என்னைப் பார்த்தாரா, இல்ல கோபத்தோடயே போயிட்டாரான்னு தெரியாம ரெண்டு வருஷமா செத்துக்கிட்டு இருக்கேன். எனக்கு அது தெரிஞ்சாகணும்."

கண்கள் தெரியும் மேல் வரிசை இந்த இரண்டு ஜாடிகளிலும் இல்லை. அது ஓட்டலில் இருந்தது.

"வேண்டாம் அண்ணி. அது அங்கேயே இருக்கட்டும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பசை சரியில்லை, மாற்றித் தருகிறேன் என்று சொல்லி ஜாடியைக் கேட்டாராம். வரவேற்பில் இருந்த பெண் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தாளாம். காலையில் அதன் பக்கத்தில் உட்காரவே பிடிக்கவில்லை, யாரோ முறைக்கிற மாதிரி இருக்கிறது என்றாளாம்.

மூன்று ஜாடிகளையும் வெந்நீரில் போட்டதும் பசை இளகியது. சில்லுகளை வரிசை வரிசையாகப் பீரோக் கதவிலேயே ஒட்டினோம். ஒன்றுகூட இடம் மாறவில்லை.

காலையில் இருவரும் கதவின் முன்னால் நின்றோம். முதலில் எங்கள் முகங்கள்தான் துண்டு துண்டாகத் தெரிந்தன. பிறகு அவை மங்கி, பழைய அறை வந்தது. கட்டில், துணிக் குவியல், முதுகைக் காட்டி மடித்துக்கொண்டிருக்கும் அண்ணி. அப்போது தலை நரைக்கவில்லை. ஈரத் தலையோடு அண்ணன் வந்து நின்றார். கைநீட்டித் தொடவேண்டும்போல இருந்தது.

தலை வாரினார். சீப்பை வைத்துவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பி, அந்த முதுகையே பார்த்தார். முகம் இளகியது. ஏதோ சொல்ல வாய் திறந்தார்.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பார்க்கறார்டி. என்னைத்தான் பார்க்கறார்."

பேசுமுன் காலரைச் சரிசெய்ய அண்ணன் ஒரு கணம் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். கை அப்படியே நின்றது. அவர் கண்கள் அண்ணியின் நரைத்த தலைக்கு வந்தன. என்னிடம் வந்தன. மறுபடி அண்ணியிடம் போயின. கோடு கோடாக வெட்டுப்பட்டு நிற்கும் இரண்டு பெண்களை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நெஞ்சை அழுத்திப் பிடித்தபடி பின்வாங்கி, கட்டில் பக்கம் திரும்பாமலே வெளியே போய்விட்டார். உள்ளே இருந்த அண்ணி துணி மடித்துக்கொண்டே இருந்தார்.

"என்கிட்ட பேசத்தான் வாய் திறந்தார்" என்றார் அண்ணி. "நம்மளைப் பார்த்துத்தான்டி பயந்துட்டார்."

"அப்படியெல்லாம் இல்ல அண்ணி." எனக்கே என் பேச்சில் நம்பிக்கை இல்லை.

அடுத்த நாள் விடிந்ததும் அண்ணி சில்லுகளைச் சுரண்டத் தொடங்கினார். நானும் இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டேன். விரல்கள் கீறி ரத்தம் வந்தது. எல்லாவற்றையும் வாளியில் போட்டு மாவாகும்வரை இடித்தோம். அண்ணன் கிளம்பும் நேரத்தில் பீரோக் கதவில் வெறும் தகரம்தான் இருந்தது. நாங்கள் அறைக்கு வெளியே, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"இன்னிக்கு அவரை யாரும் பயமுறுத்தல" என்றார் அண்ணி. "பேச வேண்டியதைப் பேசிட்டு, நல்லபடியா ஆபீசுக்குப் போயிருப்பார்."

சாயங்காலம் சாப்பிட மூன்று தட்டு எடுத்து வைத்தார். அண்ணியைத் திட்டலாம் என்று வாய் வரை வந்தது. எழுந்து போய் வாசல் கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.