பதின்மூன்றாம் நாள் பூட்டு

கிரெய்கிபர்னில் அந்தத் தெருவின் புகை அலாரங்கள் அத்தனையும் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஒன்றாக அலறின. புகை எங்கும் இல்லை. சிவகௌரி அடுப்பை அணைத்துவிட்டுக் குசினியிலிருந்து ஓடிவந்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஈரான்காரி மஹ்நாஸ் பின்வளவில் சின்னச் சின்னதாய் நெருப்பு மூட்டி, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டிருந்தாள். அவர்களுடைய வருசம் பிறப்பதற்கு முந்திய செவ்வாயில் அப்படித்தான் தாண்டுவார்கள். உடம்பின் வெளிறலை நெருப்பு எடுத்துக்கொண்டு தன் சிவப்பைக் கொடுக்குமாம். கடைசி நெருப்பைத் தாண்டியவள் நிலத்துக்கு வர ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் எடுத்தாள். அவள் இறங்கியபோது வசந்தமும் கூடவே இறங்கியது, அந்த வளவுக்கு மட்டும்.

கோடை முடிகிற காலம், தெருவெல்லாம் புல் கருகிக் கிடந்தது. மஹ்நாஸின் வேலிக்குள் பனி உருகிய மண்ணின் ஈர மணம். விறாந்தையில் ஊதா ஹயசிந்த் பூக் குலைகுலையாய்ப் பூத்தது. வரவேற்பறைத் தரையில் ஒட்டிய காப்பெட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு வாதுமை மரம் எழும்பிப் பூவாய்ச் சொரிந்தது. தபால்காரர் அந்த வாசலில் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கொஞ்சநேரம் காற்று வாங்கினார். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை, மஹ்நாஸ் வாடகைக்கு இருந்த அந்த வீட்டின் சொந்தக்காரரைத் தவிர. சொந்தக்காரர் வேறு யாருமில்லை, சிவகௌரியின் புருசன் சிவபாலன்.

"கௌரி, புதுக் காப்பெட்! இந்தப் பொம்பிளை அதில மரம் வளக்கிறா."

"அவவே வளத்தவ? அது வருசத்தோட வந்தது. உங்களுக்கென்ன விசரே?"

அகதியாய் வந்திறங்கி, யாரோ ஒருவரின் கராஜில் முதல் குளிர்காலத்தைக் கழித்த மனுசன் அவர். இப்போது ஏஜென்ட் மூலம் கடிதம் அனுப்பினார்: உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியின்றி வாடகை வீட்டில் பருவம் மாற்றப்பட்டுள்ளது, வெளியேறவும். மஹ்நாஸ் அதை முளைவிட்ட கோதுமையும் உள்ளியும் வினாகிரியும் அப்பிளும் பரப்பிய புதுவருச மேசையில் வைத்துப் படித்தாள். தனியாய் இருக்கிற, ராத்திரியில் ஒபிஸ் கூட்டுகிற பெண்ணுக்கு வேறு யார் வீடு தருவார்கள் என்று சிவகௌரியிடம் கேட்டாள். சிவகௌரிக்கு வந்த கோபத்தில், அவள் தொட்ட கேத்தில் வயர் செருகாமலே கொதித்தது. புருசனோடு கதைப்பதை நிறுத்தினாள். அவர் சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டார். கடிதத்தைத் திரும்ப எடுக்கவில்லை.

புதுவருசத்தின் பதின்மூன்றாம் நாள் ஈரானியர் யாரும் கூரைக்குக் கீழே இருக்கக்கூடாது. இருந்தால் வருசம் கெட்டுப்போகும். மஹ்நாஸ் புதுவருச மேசையை ஒதுக்கிவிட்டு, கம்பளத்தைச் சுருட்டி, வெளியில் சமைத்துச் சாப்பிடக் கேத்திலையும் சட்டிபானையையும் கட்டி, முளைக்கோதுமையை ஓடுகிற தண்ணீரில் விட ஓடைக்கரைக்குப் போனாள். காற்று வரட்டும் என்று யன்னல்களைத் திறந்துவிட்டிருந்தாள். அன்று வசந்தமும் வெளியே போகிற நாள்தானே, அதுவும் போயிற்று. சிவபாலன் எட்டிப் பார்த்தபோது மேசை வெறுமை, குசினி வெறுமை, மரம் நின்ற இடத்தில் காப்பெட் கீறலில்லாமல் கிடந்தது. அவள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்பதற்கு அவருக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. ஆளைக் கூப்பிட்டுப் பூட்டை மாற்றினார்.

பின்னேரம் மஹ்நாஸ் கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்; பின்னால் வாதுமை மரம் வேர்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. திறப்பு பூட்டுக்குள் போகவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவள் வாசற்படியிலேயே குந்திவிட்டாள். சிவகௌரி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கண்டாள். தன் வீட்டுக் கதவை அகலத் திறந்து, அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். மரம் நிலைக்குக் குனிந்து உள்ளே நுழைந்து, சிவபாலனின் கதிரைக்கு மேலே கிளை பரப்பி நின்றுகொண்டது. அன்றிலிருந்து அந்தப் பூட்டிய வீட்டில் யூலை மாதக் குளிர்தான், இந்த நாட்டின் நடுக் குளிர்காலம். வாடகைக்குப் பார்க்க வந்தவர்கள் கைகளைத் தேய்த்துக்கொண்டு திரும்பினார்கள். மஹ்நாஸ் முன்னறையிலேயே தங்கிவிட்டாள்.

மரம் உள்ளே வந்த அந்தப் பின்னேரம் சிவபாலன் கதிரையில் விழுந்த பூக்களைத் தட்டிவிட்டு, ஓரமாய் உட்கார்ந்தார்.

"ஆக்கள் வீட்டை விட்டிட்டுப் போட்டினம் எண்டெல்லோ நினைச்சனான், கௌரி. வெறும் வீடாக் கிடந்தது."

சிவகௌரி இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினாள். ஒன்றை மஹ்நாஸிடம் கொடுத்தாள், மற்றதைத் தான் எடுத்துக்கொண்டாள்.

"ஊரில, குரும்பசிட்டியில எங்கட வீட்டைப் பிடிச்ச ஆமிக்காரரும் இதைத்தான் சொன்னவை."